மைல்கல்லும் சுமைதாங்கியும்

தனியாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றி வந்தவர்களைப் பற்றிய புத்தகங்களுக்கெல்லாம் ஒரு பொதுச் சிக்கல் உண்டு. தொடக்கம் நன்றாக இருக்கும்: படகு கட்டுவது, பணம் திரட்டுவது, வீட்டில் நடக்கும் வாக்குவாதம், துறைமுகத்தில் கையசைக்கும் கூட்டம். முடிவும் நன்றாக இருக்கும். நடுவில் இருப்பது தண்ணீர். மாதக்கணக்கில் தண்ணீர். அதை எப்படிப் பகுத்து எழுதுவது என்பது எழுதுகிறவரின் பாடு. அதற்கு முன்பே, அதை எப்படிப் பகுத்துக் கடப்பது என்பது மாலுமியின் பாடு. இந்த இரண்டும் ஒரே கேள்விதான் என்று எனக்குத் தோன்றுகிறது. படகில் ஒருவர் தன் நாட்களை எப்படிப் பிரித்துக்கொண்டார் என்பதைப் பொறுத்தே அந்தப் பயணத்தின் புத்தகமும் நிற்கிறது அல்லது மூழ்குகிறது.

'பெரிய வேலையைச் சிறுசிறு மைல்கற்களாகப் பிரித்துக்கொள்' என்ற அறிவுரை நம்மில் யாருக்கும் புதிதல்ல. மென்பொருள் திட்டங்களில் இருபது வருடமாக அதைக் கேட்டும் சொல்லியும் வருகிறேன். நிறுவனக் கூட்டங்களில் இதற்கு உதாரணம் தேடுகிறவர்கள் இரண்டு இடங்களுக்குத்தான் போவார்கள். ஒன்று எவரெஸ்ட், மற்றொன்று தனியாள் கடற்பயணம். எவரெஸ்டைப் பற்றி எனக்குத் தெரியாது. டெக்சாஸின் ஆலன் நகரிலிருந்து கடலுக்குக் காரில் போக ஐந்து மணி நேரமாவது ஆகும். ஆனாலும் கடற்பயணப் புத்தகங்களைப் பல வருடங்களாக விடாமல் படித்து வருகிறேன். அவற்றை அடுக்கி வைத்துப் பார்க்கும்போது அந்த அறிவுரையில் பாதிதான் உண்மை என்று தெரிகிறது. மீதிப் பாதி ஆளைக் கொல்லக்கூடியது.

முதலில், கடலில் கல் கிடையாது. நிலத்து மைல்கல்லை யாரோ நட்டு வைத்திருக்கிறார்கள். கடலில் அதைக் கணக்குப் போட்டுத்தான் உண்டாக்க வேண்டும். பூமியின் சுற்று 360 பாகை. ஒரு பாகைக்கு 60 கலை. பூமிப் பரப்பில் ஒரு கலையின் நீளமே ஒரு கடல்மைல். 360-ஐ 60-ஆல் பெருக்கினால் 21,600. படகில் உலகைச் சுற்றியதாக ஏற்றுக்கொள்ளப்பட வேண்டுமானால் குறைந்தது இத்தனை கடல்மைல் ஓடியிருக்க வேண்டும் என்பது அதனால்தான். எல்லாத் தீர்க்கரேகைகளையும் வெட்ட வேண்டும், பூமத்தியரேகையைத் தாண்ட வேண்டும், புறப்பட்ட துறைமுகத்துக்கே திரும்ப வேண்டும். தென்கடல் வழியாகப் போகிறவர்கள் லூவின் முனை, ஹார்ன் முனை, நன்னம்பிக்கை முனை ஆகிய மூன்றையும் சுற்றி வருவார்கள்.

நாள் என்பதும் அங்கே கணக்குதான். நண்பகலில் சூரியனின் உயரத்தை செக்ஸ்டன்டால் அளந்து படகு இருக்கும் இடத்தைக் குறிப்பார்கள். ஒரு நண்பகலிலிருந்து அடுத்த நண்பகல் வரை ஓடிய தூரம்தான் அன்றைய கூலி. தெற்கே போகப்போகத் தீர்க்கரேகைகள் நெருங்கிவிடும். தெற்கு 50 பாகையில் ஒரு தீர்க்கப்பாகையின் அகலம் 60 மைல் அல்ல, 39-க்கும் குறைவு. அதே உழைப்புக்குப் படத்தில் அதிகம் நகர்ந்தது போலத் தெரியும். கிழக்கு நோக்கிப் போகிறவருக்குப் பன்னாட்டுத் தேதிக்கோட்டில் ஒரே தேதி இரண்டு முறை வரும். மைல்கல் என்று நாம் உறுதியாக நம்புவது இந்த அளவுக்கு நெகிழக்கூடியது.

இந்த வகை எழுத்துக்கு மூத்தவரான ஜோஷுவா ஸ்லோகம் இந்தச் சிக்கலுக்குள் அதிகம் போகவில்லை. 1895 ஏப்ரல் 24 அன்று 'ஸ்ப்ரே' என்ற படகில் பாஸ்டனிலிருந்து கிளம்பியவர் 1898 ஜூன் 27 அன்று ரோட் ஐலண்டின் நியூபோர்ட்டில் வந்து இறங்கினார். சுமார் 46,000 மைல், மூன்று வருடம் இரண்டு மாதம். ஆனால் அவர் வழியெல்லாம் நின்றவர். அசோர்ஸ், ஜிப்ரால்டர், பிரேசில், மெகல்லன் நீரிணை, சமோவா, ஆஸ்திரேலியா, கோகோஸ் தீவுகள், மொரீஷியஸ், தென்னாப்பிரிக்கா. ஊர்களில் சொற்பொழிவு ஆற்றிச் செலவுக்குச் சம்பாதித்தார். சமோவாவில் ஆர். எல். ஸ்டீவன்சனின் மனைவியைச் சந்தித்தார். ஆஸ்திரேலியாவின் வடமுனையிலிருந்து கோகோஸ் தீவு வரையிலான 2,700 மைலை 23 நாளில் கடந்தபோது சுக்கானைத் தொட்டது மொத்தம் மூன்று மணி நேரம்கூட இல்லை என்று எழுதுகிறார். அவர் புத்தகத்தில் அத்தியாயங்கள் ஊர்களாக நகர்கின்றன. படிக்க இனிமையாக இருப்பதற்கு அதுவே காரணம். தனிமையைப் பற்றி அதில் அதிகம் இல்லாததற்கும் அதுவே காரணம்.

துறைமுகங்களை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? 1968-ல் லண்டன் சண்டே டைம்ஸ் பத்திரிகை அறிவித்த கோல்டன் குளோப் போட்டி இந்தக் கேள்வியைத்தான் கேட்டது. எங்கும் நிற்காமல், யார் உதவியும் பெறாமல், தனியாக உலகைச் சுற்ற வேண்டும். ஒன்பது பேர் கிளம்பினார்கள். முடித்தவர் ஒருவர். அந்த ஒரே போட்டியிலிருந்து கிடைத்த மூன்று புத்தகங்களைச் சேர்த்துப் படித்தால் நான் சொல்ல வருவது விளங்கும்.

முதலாவது, முடித்தவரான ராபின் நாக்ஸ் ஜான்ஸ்டன் எழுதிய 'எ வேர்ல்ட் ஆஃப் மை ஓன்'. அவருடைய 32 அடிப் படகான 'சுஹைலி' பம்பாயில் இந்தியத் தச்சர்கள் தேக்கில் கட்டியது. 1968 ஜூன் 14 அன்று ஃபால்மத்திலிருந்து கிளம்பினார். அட்லாண்டிக்கிலேயே படகு ஒழுகத் தொடங்கிவிட, தண்ணீருக்குள் மூழ்கிப் பலகை இடுக்கை அடைத்தார். தென்கடலில் அலை அடித்துப் படகு பக்கவாட்டில் சாய்ந்து குடிநீர் கெட்டது. வானொலியில் பேச முடியாமல் போனது. ஆஸ்திரேலியாவை நெருங்கும் நேரத்தில் தானியங்கிச் சுக்கான் உடைந்தது. விட்டுவிடலாம் என்ற எண்ணம் வரும்போதெல்லாம் அவர் உலகத்தை நினைப்பதில்லை. அடுத்த கரை வரை போய்ப் பார்க்கலாம் என்று தன்னோடு பேரம் பேசுகிறார். மெல்போர்ன் அருகே ஒரு படகிடம் கடிதங்களைக் கொடுக்கிறார். நியூசிலாந்தின் ஒடாகோவில் தரைதட்டி மீள்கிறார். அதற்குப் பிறகு நான்கு மாதத்துக்கும் மேலாக அவரைப் பற்றி உலகத்துக்கு எந்தத் தகவலும் இல்லை. 1969 ஏப்ரல் 22 அன்று ஃபால்மத்துக்குத் திரும்பி வந்தார்.

புத்தகம் பெரிய நடையில் எழுதப்பட்டதல்ல. வணிகக் கப்பல் அதிகாரி ஒருவரின் நேரான ஆங்கிலம். ஆனால் அதில் மைல் கணக்கைவிடப் பழுது கணக்கு அதிகம். எது உடைந்தது, எதைக் கொண்டு கட்டினேன், எத்தனை மணி நேரம் ஆனது. ஒவ்வொரு பழுதும் ஒரு கட்டமாகிறது. அதை முடித்ததும் ஒரு சாப்பாடு, ஒரு மிடறு மது, தூக்கம். அவர் தன் பயணத்தைப் பிரித்துக்கொண்டது தூரத்தால் அல்ல, தோளிலிருந்து இறக்கி வைத்த வேலைகளால்.

இரண்டாவது புத்தகம், நிக்கலஸ் டோமலினும் ரான் ஹாலும் எழுதிய டொனால்ட் க்ரோஹர்ஸ்ட்டின் கதை. க்ரோஹர்ஸ்ட் 1932-ல் இந்தியாவில், காஜியாபாத்தில் பிறந்தவர். மின்னணுக் கருவிகள் செய்யும் சிறு தொழில் நடத்தியவர், அது நட்டத்தில் ஓடியது. போட்டியில் தோற்றால் வீடு வரைக்கும் போய்விடும் என்ற கடன் ஏற்பாட்டில் சிக்கி, அனுமதிக்கப்பட்ட கடைசி நாளான 1968 அக்டோபர் 31 அன்று அரைகுறையாக முடிந்த மூவுடல் படகில் கிளம்பினார். சில வாரங்களிலேயே இந்தப் படகு தென்கடலைத் தாங்காது என்று தெரிந்துவிட்டது. திரும்பினால் திவால், போனால் சாவு. அவர் மூன்றாவது வழியைக் கண்டுபிடித்தார். அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, உலகைச் சுற்றுவதாகச் செய்தி அனுப்பினார். டிசம்பரில் ஒரே நாளில் 243 மைல் ஓடியதாக அவர் அறிவித்ததைப் பத்திரிகைகள் சாதனை என்று கொண்டாடின.

இந்தப் புத்தகத்தில் என்னை மிகவும் தொந்தரவு செய்வது பொய் அல்ல, பொய்க்குத் தேவைப்பட்ட உழைப்பு. உண்மையான இடத்துக்கு ஒரு கணக்கு, பொய்யான இடத்துக்கு இன்னொரு கணக்கு. சூரியன் எங்கே இருந்திருக்கும் என்று பின்னோக்கிக் கணித்து எண்களை உண்டாக்க வேண்டும். உண்மையில் படகு ஓட்டுவதைவிட அது கடினம். இல்லாத மைல்கற்களை அவர் ஒவ்வொன்றாகச் செதுக்கிக்கொண்டிருந்தார். 1969 ஜூலை 10 அன்று ஒரு தபால் கப்பல் அந்தப் படகைக் கண்டபோது பாய் கிடந்தது, பதிவேடுகள் கிடந்தன, ஆள் இல்லை. கடைசிக் குறிப்பு ஜூலை 1-ம் தேதிக்குரியது.

இதில் இன்னொருவரும் அடிபட்டார். நைஜல் டெட்லி. அவர் உண்மையாகவே தென்கடலைச் சுற்றி அட்லாண்டிக்குக்குத் திரும்பிவிட்டவர். க்ரோஹர்ஸ்ட் பின்னால் வேகமாக வருகிறார் என்ற செய்தியை நம்பி, ஏற்கெனவே நைந்துபோயிருந்த படகை விரட்டினார். 1969 மே 21 அன்று, முடிவுக்கு ஏறத்தாழ 1,100 மைல் இருக்கும்போது, அசோர்ஸ் அருகே அவர் படகு உடைந்து மூழ்கியது. ஒருவர் நட்ட பொய்க்கல் மற்றொருவரின் படகை உடைத்தது.

மேலாண்மைப் பேச்சில் இந்தப் பக்கம் வருவதே இல்லை. மைல்கல்லை யாருக்காக நடுகிறோம் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. க்ரோஹர்ஸ்ட்டின் கட்டங்கள் எல்லாம் கரைக்காக நடப்பட்டவை: கடன் கொடுத்தவருக்கு, விளம்பரம் பார்த்தவருக்கு, பத்திரிகைக்கு, டீன்மத் ஊர்க்காரர்களுக்கு. படகில் இருந்த ஆளுக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை. ஒவ்வொன்றும் அவர் திரும்பி வரும் வழியை இன்னும் கொஞ்சம் அடைத்தது.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கு இது வேறு யாருடைய கதையாகவோ தோன்றாது என்று நினைக்கிறேன். இந்த நாட்டில் நம் வாழ்க்கையே கட்டங்களாகப் பிரித்துத்தான் நமக்குத் தரப்படுகிறது. எச்-1பி மூன்று வருடம், நீட்டிப்பு மூன்று வருடம், ஐ-140, அதற்குப் பிறகு முன்னுரிமைத் தேதி. மாதம்தோறும் விசா புல்லட்டின் வரும். அதில் நம் தேதியை நோக்கி வரிசை நகர்ந்திருக்கும், நகராமல் நிற்கும், சில மாதம் பின்னாலும் போகும். நட்ட கல் பின்னோக்கி நடப்பதை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இந்த வரிசை பத்தாண்டைத் தாண்டுவது சாதாரணம். கட்டங்கள் இல்லாதது நம் குறையல்ல. கட்டங்கள் போதும் போதும் என்ற அளவுக்கு இருக்கின்றன.

எச்-1பி-யில் இருப்பவருக்கு வேலை போனால் 60 நாள். அதற்குள் வேறு வேலை, வேறு விசா, அல்லது விமானம். அந்த 60 நாளில் இருப்பவர்கள் ஊருக்குப் பேசுவதை நான் கேட்டிருக்கிறேன். "எல்லாம் நல்லபடியா இருக்கும்மா, இந்த வாரம் கொஞ்சம் வேலை ஜாஸ்தி." பக்கத்து அறையில் பெட்டிகள் பாதி கட்டிய நிலையில் இருக்கும். இரண்டு பதிவேடுகள். ஒன்றில் உண்மையான இடம், மற்றொன்றில் அம்மாவுக்கான இடம். க்ரோஹர்ஸ்ட்டைப் பற்றிய புத்தகத்தை ஒரு மோசடிக்காரனின் கதையாகப் படிப்பது நமக்கு அவ்வளவு எளிதல்ல. இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். பதக்கம், மதிப்பெண், கல்லூரிப் பெயர் என்று அவர்கள் கடக்கும் ஒவ்வொரு கட்டமும் வேறு யாரோ ஒருவருக்குச் சொல்லப்படும் செய்தியாகவே முடிகிறது.

மைல்கல் என்ற சொல்லையே சந்தேகிக்கத் தொடங்கியபோது எனக்கு வேறொரு கல் நினைவுக்கு வந்தது. தமிழ்நாட்டின் பழைய சாலைகளில் மைல்கல்லுக்கு முன்பே இருந்த கல் அது. இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு பலகைக்கல்லைக் கிடத்தியிருப்பார்கள். சுமைதாங்கி. கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்களின் நினைவாக அதை நிறுத்துவது வழக்கம். இறக்க முடியாமல் போன சுமையை அவளுக்காக யாராவது இறக்கி வைக்கட்டும் என்ற எண்ணம். யாழ்ப்பாணத்தில் சுமைதாங்கியோடு கேணியும் மடமும் மாடுகள் உரசிக்கொள்ள ஆவுரஞ்சிக் கல்லும் சேர்ந்தே இருக்கும்.

அதன் உயரத்தைக் கவனித்திருக்கிறீர்களா? தலைச்சுமையோடு நடப்பவர் குனியாமல், யார் கையும் பிடிக்காமல், சுமையை அப்படியே நகர்த்தி வைக்கிற உயரம். தரையில் இறக்கினால் திரும்பத் தூக்கிவிட இன்னொரு ஆள் வேண்டும். சுமைதாங்கி இருந்தால் வேண்டாம். தனியாக நடப்பவருக்கென்றே செய்யப்பட்ட கல் அது. இன்னும் எவ்வளவு தூரம் என்று அது சொல்லாது. வந்த தூரத்தையும் சொல்லாது.

நான் படித்த கடற்பயணப் புத்தகங்களை இப்போது இப்படித்தான் பிரிக்கிறேன். மைல்கல் வைத்து எழுதப்பட்டவை ஒரு பக்கம், சுமைதாங்கி வைத்து எழுதப்பட்டவை மறுபக்கம். முதல் வகையில் தேதி, தூரம், சாதனை, கொடி. இரண்டாம் வகையில் பழுது, சோறு, தூக்கம், கைகொடுத்த ஆட்கள். மாலுமியைக் கரை சேர்ப்பது இரண்டாவதுதான். வாசகரைக் கடைசிப் பக்கம் வரை கொண்டுபோவதும் அதுவே.

இந்தியாவிலிருந்து வந்தவற்றில் இந்த அளவுகோலுக்கு நன்றாகத் தாங்கி நிற்பது, கடற்படை அதிகாரி திலீப் தோண்டே எழுதிய 'தி ஃபர்ஸ்ட் இண்டியன்'. தனியாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றிய முதல் இந்தியர் அவர். ஓய்வுபெற்ற வைஸ் அட்மிரல் மனோகர் அவதியின் கனவு அந்தத் திட்டம். அதன் பெயர் சாகர் பரிக்ரமா. 2006-ல் தோண்டே அதற்குத் தன் பெயரைக் கொடுத்தபோது அவர் நீர்மூழ்கு வேலையில் பயிற்சி பெற்ற அதிகாரி, பெருங்கடல் பாய்மர அனுபவம் உள்ளவர் அல்ல. கோவாவின் திவார் தீவில் ரத்னாகர் தண்டேகரின் பட்டறையில் 56 அடிப் படகு 'மாதேய்' உருவானது. 2009 ஆகஸ்ட் 19 அன்று மும்பையிலிருந்து கிளம்பி, ஃப்ரீமான்டில், லிட்டில்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் என்று நான்கு இடங்களில் நின்று, 2010 மே மாதம் திரும்பினார்.

தலைப்பு மைல்கல்தான், அதுவும் நாட்டின் மைல்கல். உள்ளே இருக்கும் புத்தகம் வேறு. கிளம்புவதற்கு முந்தைய மூன்று வருடங்களுக்கு அவர் கணிசமான இடம் கொடுக்கிறார்: கோப்புகள், அனுமதிகள், படகு கட்டுவது பற்றித் தெரிந்தவர்களைத் தேடி அலைவது, ஆட்களோடு மொரீஷியஸ் வரை போய் அங்கிருந்து தனியாகத் திரும்பிப் பார்ப்பது. சாகசம் தேடி வரும் வாசகர்களுக்கு இந்தப் பகுதி நீளமாகத் தெரியலாம். எனக்கு அதுதான் புத்தகத்தின் பலம். உலகம் சுற்றுவது என்ற பெரிய சொல்லை அவர் நம் ஊர் அலுவலகத்தின் அன்றாட வேலையாக இறக்கிக் காட்டுகிறார். தன்னைக் கேலி செய்துகொள்ளும் அந்தத் தொனி இந்த வகைப் புத்தகங்களில் அபூர்வம்.

நான்கு துறைமுகங்களும் அவருக்குச் சுமைதாங்கிகள். பழுது பார்க்க, சாமான் ஏற்ற, மனிதர்களோடு பேச. கரையில் அவருக்கு உதவியாக இருந்தவர்களில் ஒருவர் அபிலாஷ் டோமி. அதே டோமி பிறகு 2012 நவம்பர் 1 அன்று அதே மாதேயில் கிளம்பி, எங்கும் நிற்காமல் 151 நாளில் சுற்றி வந்தார். அப்படிச் செய்த முதல் இந்தியர். நின்று நின்று போனது சிறிய சாதனை, நிற்காமல் போனது பெரிய சாதனை என்றுதான் வரிசைப்படுத்துவார்கள். பட்டியலுக்கு அது சரி. ஆனால் முதலாமவர் நின்ற இடங்களில்தான் இரண்டாமவர் அந்தப் படகையும் அந்த வழியையும் அருகிருந்து தெரிந்துகொண்டார் என்பதைப் பட்டியல் சொல்லாது.

டோமியின் பின்னாளைய வாழ்க்கையும் இதையே சொல்கிறது. 2018-ல் கோல்டன் குளோப் போட்டியின் மறுநடத்தலில், சுஹைலியின் மாதிரியில் கோவாவில் கட்டிய 'துரியா'வில் போனார். செப்டம்பர் 21 அன்று இந்தியப் பெருங்கடலின் தெற்கில் புயலில் பாய்மரம் உடைந்து, முதுகெலும்பு அடிபட்டு, நகர முடியாமல் கிடந்தார். மூன்று நாள் கழித்து 'ஒசிரிஸ்' என்ற பிரெஞ்சுக் கப்பல் மீட்டது. 2022 செப்டம்பரில் அதே போட்டிக்கு மறுபடி கிளம்பி, 236 நாளில் இரண்டாவதாக வந்தார். இரண்டு போட்டிகளுக்கும் நடுவில் இருந்த நான்கு வருடத்துக்கு எந்தப் பதிவேட்டிலும் மைல் கணக்கு இல்லை. அறுவை சிகிச்சையும் மறுபடி நடக்கப் பழகியதும்தான் அந்த வருடங்கள். அவர் எழுத நான் அதிகம் காத்திருக்கும் கட்டம் அது.

நான் சொன்ன மூன்றாவது புத்தகம் பெர்னார் மொய்டேசியேவின் 'தி லாங் வே'. இந்த வகையிலேயே மிக அழகாக எழுதப்பட்டது என்று பலரும் சொல்வார்கள், நானும் மறுக்கவில்லை. வியட்நாமில் வளர்ந்த பிரெஞ்சுக்காரர் அவர். தன் படகுக்கு ஸ்லோகமின் நினைவாக 'ஜோஷுவா' என்று பெயர் வைத்தவர். 1969 மார்ச்சில், போட்டியில் வேகப் பரிசு அவருக்கே கிடைக்கும் என்று கரையில் எதிர்பார்த்துக்கொண்டிருந்தபோது, கேப் டவுன் அருகே ஒரு கப்பல்மீது கவண்கல்லால் செய்தியை எறிந்துவிட்டுத் திரும்பாமல் கிழக்கே போய்க்கொண்டே இருந்தார். ஜூன் 21 அன்று தாஹித்தியில் கரையிறங்கினார். கடைசி மைல்கல்லையே மறுத்த மனிதர் என்று அவரைக் கொண்டாடுவது வழக்கம்.

எனக்கு அங்கேதான் ஒரு தயக்கம். க்ரோஹர்ஸ்ட் கரைக்காக மட்டும் கல் நட்டார் என்றால், மொய்டேசியே கரையில் இருந்தவர்களுக்கு ஒரு கல்லும் மிச்சம் வைக்கவில்லை. பிரான்ஸில் மனைவியும் பிள்ளைகளும் காத்திருந்தார்கள். புத்தகத்தில் கடலும் பறவைகளும் ஓங்கில்களும் வெகு நெருக்கமாக வருகின்றன. காத்திருப்பவர்கள் தூரத்து ஒளியாக மட்டும் வருகிறார்கள். 'திரும்பிப் போகவே வேண்டாம்' என்பது ஊரைவிட்டு வந்தவர்களுக்கு மயக்கம் தரும் வாக்கியம். அதனால்தான் நம்மில் சிலருக்கு இந்தப் புத்தகம் இவ்வளவு பிடிக்கிறது. தன் சுமையை அவர் இறக்கி வைத்தது உண்மை. அதை வைத்தது வேறொருத்தியின் தலையில்.

தமிழில் இந்த வகைப் புத்தகம் ஏன் அரிதாக இருக்கிறது? கடல் நமக்குப் புதிதல்ல. ஆனால் நம் கடலில் தனியாள் இல்லை. ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' நாவலில் கடலில் சிக்கி மிதப்பவர்கள்கூட மூன்று பேர். அவர்களுடைய உயிர்ப் போராட்டமே யார் யாருக்காக விட்டுக்கொடுப்பது என்பதுதான். வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். 1938-ல் அதை மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்துக்கு ஓட்டி வந்தவர்கள் தமிழ் மாலுமிகள். தண்டையலும் மாலுமிகளுமாகச் சேர்ந்துதான் வந்தார்கள். தானாகச் சுற்றி வந்த 'நான்' என்ற குரல் நம் கடல் எழுத்தில் இயல்பாக உருவாகவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. இரண்டாவது ஆள் இருக்கும் படகில் சுமைதாங்கியும் கூடவே வருகிறது.

அந்த வழியில் ஒரு புத்தகத்தை நான் எதிர்பார்க்கிறேன். புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமியும் கேரளத்தைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னாவும் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து 'தாரிணி' படகில் கிளம்பினார்கள். தோண்டே நின்ற அதே நான்கு துறைமுகங்களில் நின்று 2025 மே 29 அன்று திரும்பினார்கள். இரண்டே பேர். ஒருவர் தூங்கும்போது ஒருவர் விழித்திருக்க வேண்டும். அதாவது ஒரே படகில் இருந்தும் பெரும்பாலான நேரம் தனியாக இருந்திருப்பார்கள். உலகத்தின் எந்த நிலத்திலிருந்தும் மிகத் தொலைவான நெமோ புள்ளியைக் கடந்ததும், ஹார்ன் முனையைச் சுற்றியதும் செய்திகளில் வந்துவிட்டன. மைல்கற்கள் எல்லாம் எண்ணி முடிந்தாயிற்று.

அவர்களில் ஒருவர் தமிழில் எழுதினால், அந்த எண்களைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலை மூன்று மணிக்குக் காவல் மாறும்போது ஒருவருக்கொருவர் என்ன சொல்லிக்கொண்டார்கள் என்று எழுதினால் போதும். லிட்டில்டனில் இறங்கிய முதல் நாள் என்ன சாப்பிட்டார்கள், எவ்வளவு நேரம் தூங்கினார்கள், வீட்டுக்குப் போன் செய்தபோது எதைச் சொன்னார்கள், எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்று எழுதினால் போதும். ஆலனிலோ டொரண்டோவிலோ அதைப் படிக்கிறவர்களுக்கு அந்தப் பக்கங்களைப் புரிந்துகொள்ளக் கடல் தெரிந்திருக்க வேண்டியதில்லை.